பாட்டுக்குக் கீழே இருக்கும் பெயர்கள்: கல்லூரி நட்பு பற்றி ஒரு குறிப்பு

எங்க அக்கா மகன் இந்த வருஷம் என்ஜினியரிங் சேர்ந்திருக்கிறான். ஹாஸ்டலுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாகுபுரம் வீட்டில் ஆளாளுக்கு அறிவுரை. எல்லா அறிவுரையின் சாரமும் ஒன்றுதான்: "நல்ல பிரண்ட்ஸா பாத்துச் சேருல." ராத்திரி மொட்டை மாடியில் அவன் என்னிடம் தனியாகக் கேட்டான்:

"மாமா, நல்ல பயலுகள கண்டுபிடிச்சிரலாம். எனக்குப் பிடிச்சது பிடிக்கிற ஆள எப்படிக் கண்டுபிடிக்க?"

அவனுக்குப் பிடித்தது பறவைகள். ஆறுமுகநேரி உப்பளப் பக்கம் சைக்கிளில் போய், பூநாரையும் உள்ளானும் எத்தனை வந்திருக்கு என்று எண்ணி நோட்டில் எழுதுகிற பையன். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு இதில் கூட்டாளி கிடையாது. கல்லூரியிலாவது கிடைக்குமா என்பது அவன் கவலை.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. காரணம், இந்த விஷயத்தில் நான் தோற்றவன். பதிலைத் தேடிப் போனபோது எழுதிய குறிப்புதான் இது.

1. நாலு வருஷம், ஒரே பெஞ்சு

சாகுபுரம் கெமிக்கல் ஆலைக்காக உருவான டவுன்ஷிப். ஊருக்கு வயது அறுபத்துச் சொச்சம்தான். ஆனால் சுற்றி இருக்கும் பெயர்கள் எல்லாம் பழசு. ஒரு பக்கம் காயல்பட்டினம். வடக்கே கொஞ்ச தூரத்தில் பழையகாயல், அதையும் தாண்டினால் கொற்கை. 1881ல் வந்த தன் திருநெல்வேலி வரலாற்று நூலில் கால்டுவெல் இந்த இடங்களைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். மார்க்கோ போலோ சொன்ன 'காயில்' இந்தக் கரைதான் என்று ஒன்பதாம் வகுப்பில் ஒரு வாத்தியார் சொன்னதிலிருந்து எனக்குப் பழைய சொற்கள் மேல் கிறுக்கு. உப்பளச் சொற்கள், கடல் சொற்கள், முக்கியமாகக் கடலுக்கு அடியில் முத்துச்சிப்பி கிடக்கும் மேடுகளின் பெயர்கள். அந்த மேட்டுக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே தொளாயிரம் பார் என்று ஒன்று உண்டு. இப்படி ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர்.

1998ல் கல்லூரியில் சேர்ந்தேன். பக்கத்து ரோல் நம்பர், புன்னைக்காயல்காரன். லேப் பேட்ச் ஒன்று, பெஞ்சு ஒன்று, மூன்றாவது வருஷம் ரூமும் ஒன்று. கிரிக்கெட், அரியர், செகண்ட் ஷோ. என் கடைசி செமஸ்டர் பரீட்சைக் கட்டணம் அவன் கட்டியது. நட்பு என்று சொன்னால் இன்றைக்கும் எனக்கு அவன் முகம்தான் வரும்.

2017ல் தூத்துக்குடியில் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தோம். பந்திக்குக் காத்திருந்தபோது, முத்துப் பார்களின் பெயர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன், வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதி வைத்தது மட்டும்தான் கிடைக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னேன்.

"எங்க தாத்தா அறுபத்தொண்ணுல குளிச்சவரு மாப்ள," என்றான். "பார் பேரு, எந்தத் திசையில எதப் பாத்து அடையாளம் வைக்கணும், எல்லாம் ஒரு நோட்ல எழுதி வச்சிருந்தாரு."

1955ல் தொடங்கி சில வருஷங்கள் தொடர்ந்து நடந்த முத்துக்குளிப்பின் கடைசி வருஷம் 1961. அதற்கப்புறம் நம் பக்கத்தில் முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை. அந்தக் கடைசிக் குளிப்பில் முங்கிய ஒருவர் கைப்பட எழுதிய நோட்டு!

"இப்ப எங்கல இருக்கு?"

"வீட்ட இடிச்சுக் கட்டும்போது பழைய பேப்பரோட போயிருக்கும். 2009லயே."

நான் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். மாதா கோயில் திருவிழாவுக்கு இரண்டு வருஷம் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். திண்ணையில் இருந்த பெரியவர் "எந்த ஊருப்பா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கு. சாகுபுரம் என்று சொல்லிவிட்டு மேட்ச் பார்க்க உள்ளே ஓடினேன். அவர் 2004 வரை இருந்திருக்கிறார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பழைய ஃபைலைத் தேடினேன். பிளேஸ்மென்டுக்கு நான் தயாரித்த பயோடேட்டா இருந்தது. கடைசி வரி: "ஹாபீஸ்: ரீடிங் புக்ஸ், பிளேயிங் கிரிக்கெட்." அவன் என் ஃபைலை வாங்கி, பெயரையும் சதவீதத்தையும் மட்டும் மாற்றி பிரின்ட் எடுத்தான். ஆக இரண்டு பேர் பயோடேட்டாவிலும் அதே வரி. இரண்டுமே பொய்.

அவன் நோட்டைப் பற்றிச் சொல்லாதது அவன் தப்பில்லை. நான் கேட்கவில்லை, என் கிறுக்கு என்ன என்று காட்டவும் இல்லை. சொன்னால் கிண்டல் பண்ணுவான் என்று நினைத்தேன். அவனும் அப்படித்தான் நினைத்திருக்கிறான்.

2. சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்த நண்பன்

இது எங்க இரண்டு பேர் கூச்சம் மட்டும்தானா? இல்லை என்று நினைக்கிறேன். கல்லூரி நட்பு என்றால் என்ன என்று நமக்கு ஒரு பாடம் ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. எங்க காலத்து ஃபேர்வெல் எல்லாவற்றிலும் 1996ல் வந்த 'காதல் தேசம்' படத்துப் பாட்டு ஒலித்தது. அந்தப் படத்தில் இரண்டு நண்பர்கள். இருவருக்கும் பொதுவானது ஒரு பெண். அவர்களுக்கு வேறு எதில் ஆர்வம் என்பது படத்துக்குத் தேவையே இல்லாத கேள்வி.

இந்த வகையில் யோசிக்க வேண்டிய படம் 2012ல் ஷங்கர் எடுத்த 'நண்பன்'. 'த்ரீ இடியட்ஸ்' படத்தின் தமிழ் வடிவம். மூன்று ரூம்மேட்டுகளில் ஒருவனுக்கு உயிர் காட்டுயிர்ப் புகைப்படம். அவன் எழுதி அனுப்பாமலே வைத்திருந்த கடிதத்தை நண்பன் தபாலில் சேர்க்கிறான். அப்பாவிடம் பேசத் தைரியம் கொடுக்கிறான். எல்லாம் சரி, கண் கலங்கும் இடங்கள்தான். ஆனால் கவனித்துப் பாருங்கள்: அவனோடு சேர்ந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகிற நண்பன் படத்தில் யாருமில்லை. இவன் எடுத்த படத்தைப் பார்த்து "வெளிச்சம் தப்பா இருக்கு" என்று சொல்லும் ஆளும் இல்லை. நண்பனுடைய வேலை ஆர்வத்துக்குத் துணை நிற்பது. பங்கு போடுவதில்லை.

கொஞ்சம் விலகி நிற்கும் படம் பாலாஜி சக்திவேலின் 'கல்லூரி' (2007). ஒரு அரசுக் கலைக் கல்லூரி, கிராமத்துப் பிள்ளைகள், நாயகன் ஓட்டக்காரன். மைதானம் அங்கே வெறும் பின்னணியாக இல்லை, அந்தச் சிநேகிதத்தின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. 2000 பிப்ரவரியில் தர்மபுரியில் பேருந்து எரிக்கப்பட்டு வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் இறந்த கொடுமையை மனதில் வைத்து எடுக்கப்பட்ட படம். அதனால் கதை அந்த முடிவை நோக்கியே போகிறது. ஓட்டம் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் படத்தில் இடம் இல்லாமல் போகிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. நாம் கொண்டாடும் கல்லூரிக் கதைகளில் நட்பை அளக்கும் கோல் விசுவாசம் ஒன்றுதான் என்பதைச் சொல்ல வருகிறேன்.

விசுவாசம் சின்ன விஷயமில்லை. பரீட்சைக் கட்டணம் கட்டியவனைப் பற்றி நான் வேறு எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் விசுவாசத்தால் அந்த நோட்டைக் காப்பாற்ற முடியவில்லை.

3. ஒரு புத்தகத்தை அடியிலிருந்து படிப்பது

இன்னொரு வகை நட்பு எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குக் கிடைத்த சாட்சி ஒரு நாட்டுப்புறப் பாடல் தொகுப்பு. நா. வானமாமலை பதிப்பித்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்', நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வெளியீடு, 1964.

நா.வா. நாங்குநேரிக்காரர். 1917ல் பிறந்தவர். ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டையில் டுட்டோரியல் நடத்தியவர், கம்யூனிஸ்ட். பல்கலைக்கழகத்தில் நாற்காலி எதுவும் இல்லாமல்தான் தமிழில் நாட்டார் வழக்காற்று ஆய்வுக்கு அடித்தளம் போட்டார்.

இந்தப் புத்தகத்தை எல்லோரும் பாட்டுக்காகப் படிப்பார்கள். நான் பாட்டுக்குக் கீழே உள்ளதைப் படித்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே நா.வா. எழுதிய சின்ன விளக்கம் இருக்கும். கீழே 'வட்டார வழக்கு' என்று சொற்பொருள். அதற்கும் கீழே 'சேகரித்தவர்', 'இடம்'. எஸ்.எஸ். போத்தையா, விளாத்திகுளம் வட்டாரம். எஸ்.எம். கார்க்கி, சிவகிரி. குமாரி சொர்ணம், சிவகிரி. வாழப்பாடி சந்திரன், சேலம் மாவட்டம். கு. சின்னப்ப பாரதி, பரமத்தி. பிற்பாடு நாவலாசிரியராக நாம் அறிந்த அதே சின்னப்ப பாரதிதான்.

சாஃப்ட்வேர்க்காரனுக்கு இந்த இடம் பழக்கமானது. ஒரு புரோகிராமில் எந்த வரியை யார் எழுதினார்கள் என்று காட்டும் பதிவு எங்களிடம் உண்டு. அந்தப் பதிவைப் படித்தாலே யார் யாரோடு சேர்ந்து வேலை பார்த்தார்கள் என்று புரிந்துவிடும். இந்தப் புத்தகத்தில் சேகரித்தவர் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஒரே பெயர் தாலாட்டிலும் வருகிறது, தொழில் பாட்டிலும் வருகிறது. அப்படியென்றால் அந்த ஆள் ஒரு நாள் போய்விட்டு வந்தவர் இல்லை. திரும்பத் திரும்ப நடந்திருக்கிறார், எழுதியிருக்கிறார், பாளையங்கோட்டைக்கு அனுப்பியிருக்கிறார். இவர்களுக்குள் இருந்த உறவுக்கு நட்பு என்பதைத் தவிர நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை.

இப்போது வருஷங்களை வரிசையாக வையுங்கள். தொகுப்பு வந்தது 1964. நெல்லை ஆய்வுக் குழு அமைந்தது 1967. 'ஆராய்ச்சி' என்ற காலாண்டிதழ் தொடங்கியது 1969. முதலில் வேலை, அப்புறம் குழு, அதற்கும் அப்புறம் பத்திரிகை.

நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் வாட்ஸ்அப் குரூப், அதற்கு ஒரு பெயர், ஒரு லோகோ, நாலு அட்மின். அப்புறம் "நாம என்ன பண்ணலாம்?" என்று ஒரு கேள்வி. மூன்றாவது மாதம் குட்மார்னிங் படங்கள். எங்க கல்லூரியில் சங்கங்களுக்குப் பஞ்சமே இல்லை. லிட்டரரி கிளப், நேச்சர் கிளப், எல்லாவற்றுக்கும் செயலாளர், துணைச் செயலாளர். வருஷம் ஒரு தொடக்க விழா, ஒரு சான்றிதழ். மூன்று கிளப்பில் நான் உறுப்பினர். ஒன்றில்கூட நான் யாரையும் சந்திக்கவில்லை.

ஆய்வுக் குழுவில் நடந்தது வேறு. கூடுவார்கள், ஒருவர் கட்டுரை படிப்பார், மற்றவர்கள் அதைப் பிரித்து மேய்வார்கள். ஒருவருக்கு உண்மையிலேயே எதில் ஆர்வம், எவ்வளவு ஆர்வம் என்பது அவர் எழுதிக்கொண்டு வந்த தாளில் தெரிந்துவிடும். அங்கிருந்து வந்தவர்களில் ஒருவர் ஆ. சிவசுப்பிரமணியன். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். உப்பைப் பற்றி அவர் எழுதிய 'உப்பிட்டவரை' புத்தகத்தை உப்பளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த நான் முப்பது வயதுக்கு மேல் படித்து வெட்கப்பட்டேன். தினமும் பார்த்த அம்பாரம் அம்பாரமான உப்பைப் பற்றி எனக்குக் கேள்வியே இல்லாமல் இருந்திருக்கிறது. கேள்வி கேட்பதும் பக்கத்தில் இருப்பவரிடமிருந்துதான் தொற்றுகிறது போல.

4. எதிர்க் கேள்விகள்

இந்த இடத்தில் என்னையே மறுத்துப் பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி: இது கல்லூரி நட்பா? நா.வா. வயதில் மூத்தவர், ஆசான். டுட்டோரியல் என்பது கல்லூரியும் இல்லை. சரிதான். ஆகவே சம வயது மாணவர்களாகத் தொடங்கிய ஒரு ஜோடியையும் பார்ப்போம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1950களில் படித்த க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும். பிற்பாடு இருவருமே பர்மிங்ஹாம் போய், ஜார்ஜ் தாம்சன் என்ற ஒரே பேராசிரியரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தார்கள். கைலாசபதி சங்க வீரயுகப் பாடல்களை எடுத்தார். அந்த ஆய்வு 1968ல் ஆக்ஸ்ஃபோர்டில் புத்தகமாக வந்தது. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகத்தை எடுத்தார். பக்கத்துப் பக்கத்து வயல். கைலாசபதி 1982ல், ஐம்பது வயதுகூட ஆகாமல் இறந்தார். சிவத்தம்பி 2011 வரை இருந்தார். ஈழத்து விமர்சனம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு பெயரையும் இன்றைக்கும் ஒரே மூச்சில்தான் சொல்கிறார்கள். படிக்கும் காலத்தில் கிடைத்த கூட்டாளி ஒரு வாழ்நாள் வேலைக்கே கூட்டாளி ஆக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இரண்டாவது கேள்வி: இவர்கள் எல்லோரும் இடதுசாரிகள். இயக்கம் ஏற்கெனவே சேர்த்து வைத்த ஆட்கள். வேலை முதலில் வந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? இதில் நியாயம் உண்டு. ஜீவா தொடங்கிய 'தாமரை' இதழும், 1961ல் அமைந்த கலை இலக்கியப் பெருமன்றமும் இல்லாமல் விளாத்திகுளமும் பரமத்தியும் ஒரே புத்தகத்தில் வந்திருக்காது. ஆனால் இயக்கத்தில் எத்தனையோ பேர் இருந்தார்கள். பாட்டுக்குக் கீழே வருவது சில பெயர்கள்தான். இயக்கம் அறிமுகப்படுத்தி வைத்தது. கூட்டாளி ஆக்கியது நோட்டும் பென்சிலும்.

மூன்றாவது, எனக்கு ரொம்பவும் உறுத்தும் கேள்வி. பாட்டைச் சேகரித்தவர் பெயர் இருக்கிறது. பாடியவர் பெயர்? சில பாட்டுகளில் 'உதவியவர்' என்று இன்னொரு பெயர் வரும். பல பாட்டுகளில் அதுவும் இல்லை. தாலாட்டும் ஒப்பாரியும் பெண்கள் கட்டிய பாட்டு. ஆனால் சேகரித்தவர் பட்டியலில் பெண் பெயர் அபூர்வம். ஒத்த ஆர்வம் உள்ளவர்கள் ஒன்று சேரும்போது, அந்த ஆர்வத்துக்கு விஷயம் கொடுத்தவர்கள் வட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். புன்னைக்காயல் திண்ணையில் நான் செய்ததும் அதுதான். முத்து பற்றி நூலகத்தில் தேடினேன். முத்துக் குளித்தவர் கேட்ட கேள்விக்கு நின்று பதில் சொல்லவில்லை. இந்தக் குறையை நா.வா. குழுவின் தலையில் மட்டும் வைப்பது நியாயமில்லை. நம்மில் பெரும்பாலோர் இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் அந்தப் புத்தகத்தை நேசிப்பவன் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

5. மருமகனுக்குச் சொன்னது

ஹெல்சிங்கியில் 21 வயது மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஆகஸ்டில் தன் இயங்குதளத்தைப் பற்றி வெளியில் சொன்னபோது "வாருங்கள், சங்கம் ஆரம்பிப்போம்" என்று சொல்லவில்லை. பொழுதுபோக்காக ஒன்று செய்துகொண்டிருக்கிறேன், இவ்வளவு ஓடுகிறது, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். லினக்ஸ் உலகம் அதற்கப்புறம் வந்தது. விளாத்திகுளத்திலும் ஹெல்சிங்கியிலும் முறை ஒன்றாகத்தான் இருக்கிறது.

ஆக மருமகனிடம் போனில் சொன்னேன். "ஆளைத் தேடாதல. நீ செய்யறத மறைக்காம செய். காலேஜுக்குள்ள என்ன பறவை வருதுன்னு வாரம் ஒரு நாள் எண்ணி, ஒரு தாள்ல எழுதி மெஸ் வாசல்ல ஒட்டு. கீழ ரெண்டு வரி காலியா விடு, 'பார்த்தவர்', 'இடம்'னு."

"கிண்டல் பண்ணுவானுக மாமா."

"பண்ணுவானுக. நூறு பேரு கிண்டல் பண்ணட்டும். ஒருத்தன் எழுதுவான்லா."

மூன்று வாரம் ஆச்சு. முதல் வாரம் யாரோ தாளில் மீசை வரைந்திருக்கிறார்கள். இரண்டாவது வாரம் தாளையே கிழித்துவிட்டார்கள். மூன்றாவது வாரம் 'மயில், ஒன்று, மெஸ்ஸில் சிக்கன் என்று சொல்லிப் போட்டார்கள்' என்று ஒரு பதிவு. அதற்குக் கீழே வேறு கையெழுத்தில்: 'ஆந்தை, இரண்டு, தண்ணித் தொட்டிக்குப் பின்னால். பார்த்தவர்: வாட்ச்மேன் அண்ணன். எழுதியவன்: நான்.' பெயர் இல்லை. யாரென்று கண்டுபிடிக்க அன்றைக்கு ராத்திரியே தண்ணித் தொட்டிப் பக்கம் போகப் போகிறேன் என்று சொன்னான்.

நான் அந்தப் புன்னைக்காயல்காரனுக்குப் போன் பண்ணினேன். நோட்டு போனது போனதுதான். ஆனால் அவன் பெரியப்பா ஒருவர் இருக்கிறார், சங்கு குளித்தவர், எண்பது வயதுக்கு மேல். சில பார் பெயர்கள் அவருக்கு ஞாபகம் இருக்கலாம் என்றான். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போகிறோம். நான் கேட்பேன், அவன் எழுதுவான். கிடைப்பதை இங்கே போடுவேன். முதலில் சொன்னவர் பெயர், அதற்குக் கீழே எங்கள் பெயர்.